முப்பத்து மூன்று அங்குலம்

56 ஏ.பி.ஓ.
9 ஜூலை 2023

அன்புத் தங்கச்சி கலைக்கு,

அண்ணன் குமரன் எழுதுவது. இங்கே நான் சுகம். மூக்கு நுனி மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது, மற்றபடி குறை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? குடியாத்தத்தில் அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா?

இந்த ராணுவ முகாமில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு போன். ஆளுக்கு வாரம் ஐந்து நிமிடம். அது உன் அண்ணி ஜீவாவுக்கும் மகள் தாமரைக்குமே பத்தவில்லை. அதனால் உனக்குக் கடிதம்தான்.

சத்துவாச்சாரி வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது என்று ஜீவா சொன்னாள். மேஸ்திரி வேலை முடிந்தது, இனி உள்வேலை. அதை முழுசாக உன்னிடம் விடுகிறேன். ஆம்பூரில் நீ செய்து கொடுத்த பல் டாக்டர் கிளினிக் போட்டோவை என் பெட்டியில் வைத்திருக்கிறேன். எங்கள் சுபேதார் பார்த்துவிட்டு, எந்த ஊர் ஓட்டல் என்று கேட்டார். பல் பிடுங்கும் இடம் என்றால் நம்பவில்லை. பயத்தோடு வருகிறவனை உட்கார வைக்க எந்த நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிகிறது? நம் வீட்டில் யாருக்கும் வராத புத்தி இது.

என் ஆசை இரண்டுதான். இருபத்திரண்டு வருடமாகத் தகரத்துக்குக் கீழே, குனிந்து நுழைகிற வாசல்களில் வாழ்ந்தாகிவிட்டது. நிமிர்ந்து நடக்கிற மாதிரி வீடு வேண்டும். அடுத்தது, படுக்கையறை மாடியில் இருக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். அடுத்த வருடம் ஓய்வு பெற்று வந்ததும் அந்த ஜன்னலில் நின்றுதான் காபி குடிப்பேன். மிச்சமெல்லாம் உன் இஷ்டம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
குமரன்

*

சத்துவாச்சாரி
30 ஜூலை 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் பதினோரு நாளில் வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் நலம். அம்மா மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, தேய்த்த கையோடு கோயிலுக்கு நடந்து போய்விடுகிறார். உன் மூக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

நீ முழுசாக என்னிடம் விட்டுவிட்டதாக எழுதியதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் நெட்டில் ஏதாவது ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி செய்து கொடு என்பார்கள். யாரும் என் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

படங்களை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஹாலைப் பார். நடுவில் பன்னிரண்டுக்குப் பத்தடி, இரண்டு படி கீழே இறங்கும். மூன்று பக்கமும் சுவரோடு சேர்த்துக் கட்டிய திண்டுகள், மேலே மெத்தை. அதில் உட்கார்ந்தால் தோட்டம் உன் கண்ணுக்கு நேரே தெரியும். மேலே கூரை வரை வெற்றிடம், இருபதடி உயரம். நீ எவ்வளவு வேண்டுமானாலும் நிமிர்ந்து கொள்ளலாம்.

மாடிப்படி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தேக்குப் பலகைகள் மட்டும். கைப்பிடி கிடையாது, தாங்கும் கம்பி கிடையாது. பார்த்தால் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும். அண்ணிதான் பயந்தார். “புள்ள இருக்கிற வூடு கலை. விழுந்துட்டா இன்னா பண்றது?” என்றார். “அண்ணன் மலை ஏர்ற ஆளு அண்ணி, தாமரையும் பழகிப்பா” என்று சமாதானம் சொன்னேன்.

மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைத்து, ஓட்டைச் செங்கல் வைக்கிறேன். சாயங்கால வெயில் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். தரைக்குக் கறுப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பாலிஷ். உன் ஜன்னல் மாடியில் கிழக்கே மலையைப் பார்த்து இருக்கிறது. காபி டம்ளர் வைக்க அகலமான விளிம்பும் உண்டு.

பிடிக்காததை மறைக்காமல் எழுது.

உன்,
கலையரசி

*

56 ஏ.பி.ஓ.
10 செப்டம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, மை உறைந்துவிடுவதால் பேனாவை அடிக்கடி கக்கத்தில் வைத்துச் சூடாக்கி எழுதுகிறேன்.

உன் படங்கள் கை மாறிக் கை மாறி ஓரம் கிழிந்துவிட்டன. எங்கள் கூடாரத்தில் எட்டுப் பேர், எட்டு ஊர். எல்லோரும் இப்போது சத்துவாச்சாரி வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். திண்டில் யார் எங்கே உட்காருவது என்று இடம் பிடித்தாகிவிட்டது. பஞ்சாப்காரன் ஒருவன் தன் கிராமத்து வீட்டின் அளவைத் தாளில் எழுதி, உன் தங்கையிடம் கேட்டுச் சொல் என்று என் பையில் திணித்திருக்கிறான்.

நான் வருடக்கணக்காகக் குழி வெட்டி அதில் உட்கார்ந்து காவல் காக்கிறேன். நீ வீட்டுக்குள்ளேயே குழி வெட்டி அதில் மெத்தை போடுகிறாய். அந்த ஹாலில் உட்கார்ந்து பேசப்போகிற பேச்சையெல்லாம் இப்போதே சேர்த்து வைக்கிறேன். ஒரு கோடு கூட மாற்ற வேண்டாம்.

அம்மாவிடம் நான் குண்டாகிவிட்டதாகச் சொல். நம்ப மாட்டார், இருந்தாலும் சொல்.

அண்ணன்,
குமரன்

*

சத்துவாச்சாரி
22 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சௌக்கியம். உனக்கு ஜலதோஷம் இல்லாமல் இருக்கிறதா? பஞ்சாப்காரருக்குப் படம் போட்டிருக்கிறேன், கொடுத்துவிடு. அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையைச் சமையலறைக்கு நேர் எதிரே வைக்க வேண்டாம் என்று சொல்.

ஹால் முடிந்தது. தச்சு வேலை செய்யும் அமீர் பாஷா பாய் பேரணாம்பட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறார். கடைசித் திண்டைப் பொருத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்தார். மெத்தையில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு, “முப்பது வருசமா எத்தனையோ வூட்டுக்கு வேல செஞ்சிட்டேன் மேடம். வேலய முடிச்சிட்டு உக்காந்து பாக்கணும்னு தோணினது இங்கதான்” என்றார்.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் முனீர் அகமதுவும் அவர் மனைவி குர்ஷித் அம்மாவும் யாரோ சொல்லி வந்து பார்த்தார்கள். குர்ஷித் அம்மா படியில் நின்றபடி போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். அங்கேயே, அப்போதே, தங்கள் ஆபீஸை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்கள் உட்காரும் அறை, சாம்பிள் வைக்கும் அறை, மாடிப்படி எல்லாம். ஃபேக்டரியில் வெட்டி எறிந்த தோல் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அதைக் காட்டி இது வேண்டும் என்றேன். முனீர் அகமது சிரித்தார். “அது வேஸ்ட்டுமா. நல்ல தோலே தர்றேன்.” துண்டுகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பழுப்பில் ஏழு நிறமாகப் பிரித்து, சுவரில் ஓடு பதிக்கிற மாதிரி ஒரு மூலையில் ஒட்டிக் காட்டினேன். மறுநாள் தன் மேனேஜரைக் கூட்டிவந்து அதைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

எல்லாம் உன் ஹாலால் வந்தது அண்ணா. புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் காட்டுவது அந்தப் போட்டோவைத்தான்.

உன்,
கலை

*

சத்துவாச்சாரி
10 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டு நவம்பரில் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதற்கு முந்தைய கடிதத்துக்கும் இல்லை.

அண்ணி திடீரென்று கிளம்பிவிட்டார். “பூனாவுல அவருக்கு ட்ரெயினிங்காம் கலை. வூடு குடுத்திருக்காங்க. ஒரு ரெண்டு மாசம் கூட இருந்துட்டு வர்றேன்” என்று தாமரையை என்னிடம் விட்டுப்போனார். பெட்டியில் ஸ்வெட்டர் எடுத்து வைக்கவில்லை, வெள்ளைத் துண்டு மட்டும் ஆறு வைத்தார்.

நீ எங்கே இருந்தாலும் வந்து சேரும் என்று பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். தாமரை சமர்த்தாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புது வீட்டுக்குப் போய், மிதக்கிற படியில் கடைசிப் பலகை வரை ஏறி உட்கார்ந்துகொள்கிறாள்.

ஒரு வரி போடு, போதும்.

உன்,
கலை

*

புனே
7 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் மூன்று கடிதங்களும் ஒன்றாக வந்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே ட்ரெயினிங் கடுமை. காலையிலிருந்து ஓட விடுகிறார்கள்.

ஆம்பூர் தோல் சுவரைப் பற்றி ஜீவாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். வெட்டி எறிந்ததில் ஏழு நிறம் இருப்பதை அந்த ஃபேக்டரியில் இத்தனை வருடம் யாரும் பார்க்கவில்லை, நீ போய்த்தான் பார்த்தாய். பெருமையாக இருந்தது.

வீட்டைப் பற்றிச் சில சந்தேகம். பொழுது போகாமல் கேட்கிறேன். ஹாலில் இறங்கும் படி ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம்? குளியலறைக் கதவு இரண்டரை அடி என்று படத்தில் இருக்கிறது, மூன்றடி வைத்தால் அசிங்கமாக இருக்குமா? கழிப்பறைப் பீங்கான் பதினெட்டு அங்குல உயரத்தில் கிடைக்குமா? கீழே சாமான் வைக்க ஒரு அறை விட்டிருந்தாயே, அதில் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா? விருந்தாளி யாராவது வந்தால் என்று கேட்கிறேன். பாலிஷ் போட்ட கிரானைட்டில் தண்ணீர் பட்டால் வழுக்குமோ?

எதையும் மாற்றாதே. சும்மா கேட்டேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அண்ணன்,
குமரன்

*

சத்துவாச்சாரி
21 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது, உயிர் வந்தது. நாங்கள் நலம். பொங்கலுக்கு அம்மா இங்கே வந்திருந்தார். உன் பங்குப் பொங்கலைத் தாமரை சாப்பிட்டாள்.

உன் கேள்விகளுக்குப் பதில். ஹால் படி ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். குளியலறைக் கதவை மூன்றடி ஆக்கலாம், சுவரில் அரை அடி இடிக்க வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு அங்குலப் பீங்கான் வேலூரிலேயே கிடைக்கும். கீழ் அறையில் கட்டில் போடலாம். கிரானைட் வழுக்கும்.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி அமீர் பாஷா பாயிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “வூட்ல யாராச்சும் நடக்க முடியாதவங்க இருக்காங்களா மேடம்?” என்று கேட்டார். இல்லை, என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார், அவர் கேட்டது என்றேன். தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீ தினமும் தாமரையிடம் பேசுகிறாய். நான் போனை வாங்கினால் மட்டும் லைன் போய்விடுகிறது. பரவாயில்லை. எழுதுவதுதான் நமக்குப் பழக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

உன்,
கலை

*

சத்துவாச்சாரி
26 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. தாமரையின் அரைப் பரீட்சை மார்க் தாளோடு சேர்த்து, நீங்கள் பிறகு போனில் கொடுத்த விலாசத்துக்கு உங்கள் பெயரில் இதை அனுப்புகிறேன். உங்கள் போனை அண்ணனும் எடுப்பார், அதனால்தான் கடிதம்.

அமீர் பாஷா பாய் அன்று தாளைத் திருப்பிக் கொடுத்ததோடு போகவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திரும்பி வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க மாமனாருக்குச் சக்கரையில காலை எடுத்தாங்க. அப்போ ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்த அளவு இதேதான். பதினெட்டு அங்குலம், மூணடிக் கதவு. மனசுல வெச்சுக்கிட்டே இருக்க முடியல, அதான் சொல்லிட்டேன்” என்றார்.

வெள்ளைத் துண்டு ஆறு எடுத்துப்போனீர்கள் அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி.

என்ன நடந்தது, எப்போது, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று எதையும் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். எந்தக் கால்? இடதா, வலதா? கைப்பிடியை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கலை

*

புனே
3 பிப்ரவரி 2024

அன்புள்ள கலைக்கு,

இடது. முழங்காலுக்குக் கீழே.

நவம்பர் ஆறாம் தேதி வண்டி பனியில் சறுக்கி உருண்டது. மற்ற மூன்று பேருக்கும் பெரிய அடி இல்லை. காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. இப்போது செயற்கைக் கால் வைத்து நடக்கப் பழக்குகிறார்கள். முதல் நாள் நான்கு தப்படி, நேற்று நூற்றுப் பத்து. ஒவ்வொன்றையும் எண்ணுகிறார்.

அத்தைக்கும் தாமரைக்கும் நேரில்தான் சொல்வேன் என்கிறார். உன்னிடம் மட்டும் சொல்லவே மாட்டாராம். நான் சண்டை போட்டேன். “அவ அந்த ஹாலுக்காக எவ்ளோ ஆசப்பட்டா, உனக்குத் தெரியாதா ஜீவா? எனக்கு இப்படின்னு தெரிஞ்சா அன்னைக்கே உடைச்சிடுவா. நான் கீழ் ரூம்ல இருந்துக்கறேன். ஹால் இருந்துட்டுப் போகட்டும்” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிடி வலது கைக்கு வர வேண்டும் என்கிறார்கள் இங்கே. நடைபாதையில் போகவர இரண்டு பக்கமும். அவர் உயரத்துக்கு அளந்து முப்பத்து மூன்று அங்குலம் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு அங்குலம் கூடினாலும் தோள் வலிக்குமாம்.

உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். நீ அழுதாயானால் அழுது முடித்துவிட்டு எழுது.

ஜீவா

*

சத்துவாச்சாரி
17 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் ட்ரெயினிங் நன்றாக நடக்கிறதா? வெயில் இங்கே இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

வீட்டில் கொஞ்சம் மாற்றம் செய்திருக்கிறேன். நீ ஒரு கோடு கூட மாற்றாதே என்றாய், கோபப்படாதே.

முதலில் ஹால். அந்தப் பள்ளத்தில் மழைக்காலத்தில் ஈரம் ஊறும் என்று இன்ஜினியர் சொன்னார். தாமரையின் சிநேகிதி ஒருத்தி ஓடிவந்து விழப் பார்த்தாள். அதோடு இப்போதெல்லாம் வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே மட்டமாகத் தரை போடுவதுதான் எல்லோரும் கேட்கிறார்கள், பள்ளம் பழசாகிவிட்டது. அதனால் நிரப்பிவிட்டேன். “நீங்க ஆம்பூர் போய்ட்டு வாங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்” என்று பாய் சொன்னார். நான் போகவில்லை. முதல் கூடை மண்ணை நானே கொட்டினேன்.

இனி நல்ல செய்தி. கிரானைட்டுக்குப் பதில் சொரசொரப்பான கடப்பாக் கல். மழையில் நனைந்து வந்து நின்றாலும் வழுக்காது. சாம்பல் நிறத்தில் வெளிச்சம் விழும்போது ஏரித் தண்ணீர் மாதிரி இருக்கிறது. வாசலில் மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு போட்டிருக்கிறேன், அண்ணியின் ஸ்கூட்டியை ஏற்ற. கீழ் அறையைப் பெரிதாக்கிப் படுக்கையறை ஆக்கிவிட்டேன், மாடி அறையைத் தாமரை அடம் பிடித்து வாங்கிக்கொண்டாள். கிழக்குச் சுவரை உடைத்து மலை தெரிகிற மாதிரி கீழேயும் ஒரு ஜன்னல் வைத்தாகிவிட்டது.

சோபாவும் உயரம் கூடியது. ஆம்பூர் ஆபீஸில் அழகுக்காகத் தாழ்வாகப் போட்டேன். ஜெர்மன்காரர் ஒருவர் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மூன்று தடவை முயன்றார். முனீர் அகமது கை கொடுத்துத் தூக்கினார். அன்றிலிருந்து நான் செய்யும் இருக்கை எதுவும் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி. வாசலில் ஆரம்பித்து, ஹால் சுவரோடு போய், நடைபாதை, படுக்கையறை, குளியலறை வரை விடாமல் ஒரே தேக்கு வரி, சுவரில் ஒல்லியான தட்டு மாதிரி. மூலை எங்கேயும் வெட்டில்லை, வளைந்து போகிறது, நடைபாதையில் மட்டும் இரண்டு பக்கமும். மேலே போட்டோ, விளக்கு, தாமரையின் சொப்பு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். கீழ்விளிம்பு கைக்கு அடங்குகிற மாதிரி உருண்டை. அதற்குத் தோல் சுற்றலாம் என்று தோன்றியது. முனீர் அகமதுவிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் மெல்லிய ஆட்டுத்தோலில் தானே பொறுக்கிக் கொடுத்தார். ஷூவின் மேல்பகுதி தைக்கும் வஜீதா என்ற பெண்ணை நான்கு ஞாயிற்றுக்கிழமை அனுப்பினார். எழுபத்திரண்டு அடியையும் கையாலேயே தைத்தாள். தையலைத் தடவினால் விரலுக்குத் தெரியாது. “ஷூ தெச்சா எந்த நாட்டுக்குப் போவுதுன்னே தெரியாதுக்கா. இத யார் புடிக்கப் போறாங்கன்னு தெரியும்” என்றாள்.

குர்ஷித் அம்மா வந்து பார்த்தார். முன்பு பள்ளம் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசலுக்குத் திரும்பிப் போய், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நடந்து வந்தார். தங்கள் ஆபீஸ் மாடிப்படிக்கும் இதையே போடச் சொல்லியிருக்கிறார்.

மிதக்கும் படிக்கும் கைப்பிடி வைத்துவிட்டேன். அண்ணி சொன்னதுதான் சரி.

உன்,
கலை

*

புனே
1 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமாக இருங்கள்.

நீ அனுப்பிய போட்டோக்களை மூன்று நாளாகப் பார்க்கிறேன். தரை நீ சொன்ன மாதிரி ஏரிதான்.

ஹாலை ஏன் நிரப்பினாள் என்று ஜீவாவைக் கேட்டேன். அவள் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். டீ இல்லை.

நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மே மாதம் வருகிறோம்.

அண்ணன்,
குமரன்

*

சத்துவாச்சாரி
23 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி கலைக்கு,

இரண்டு தெரு தள்ளி இருக்கிற உனக்குத் தபாலில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. நேற்றுக்கூட வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாய். நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நேரில் பேச ஆரம்பித்தால் நீ ஜன்னல் திரையைப் பற்றிப் பேசிவிடுகிறாய், நான் மாங்காய் விலையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நடுவில் இருப்பது அப்படியே இருக்கிறது.

எனக்கு இடது கால் இல்லை. இதை உனக்கு நான் எழுதியதே இல்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கும் தாமரைக்கும் வந்த வாரமே சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்ற கண்டிப்போடு.

வந்த அன்று, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். புனேயில் நடந்தது ஆஸ்பத்திரித் தரையில். வீடு என்றால் எங்கே தடுக்கும், எங்கே விழுவேன், தாமரை பார்ப்பாளே என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். சரிவில் ஏறினேன். வலது கையை நீட்டினேன், தோல் சுற்றிய மரம் கையில் வந்து உட்கார்ந்தது. வாசலிலிருந்து கட்டில் வரை அதை விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வழியில் ஒரு தடவை கூட நான் தரையைப் பார்க்கவில்லை. நவம்பருக்கு அப்புறம் நிமிர்ந்து நடந்தது அன்றைக்குத்தான்.

அப்போதும் சந்தேகப்படவில்லை. அழகுக்குச் செய்தது என் அதிர்ஷ்டத்துக்கு உதவுகிறது என்றுதான் நினைத்தேன். போன வாரம் அமீர் பாஷா பாய் அலமாரிக் கீல் மாற்ற வந்தவர், டேப்பை மறந்து வைத்துவிட்டுப் போனார். சும்மா இருக்க முடியாமல் அந்த வரியின் உயரத்தை அளந்தேன். முப்பத்து மூன்று. நடைபாதையில் அளந்தேன், முப்பத்து மூன்று. குளியலறையில் அளந்தேன். புனேயில் என் அட்டையில் எழுதிய எண். உலகத்தில் எல்லோரும் கைப்பிடியை மூன்றடியில் வைப்பார்கள்.

ஜீவாவைக் கேட்டேன். “பிப்ரவரிலேயே அவளுக்குத் தெரியும். எந்தக் கால்னு மட்டும் கேட்டா” என்று உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மறைக்க வேண்டியதில்லை, முதலில் கோபம்தான் வந்தது. உன் ஹால் எனக்காகப் போகக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருக்க, நீ பின்பக்கமாக வந்து அதையே செய்திருக்கிறாய். ஈரம் ஊறுமாம், பள்ளம் பழசாகிவிட்டதாம். இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை, கவனித்திருப்பாய். மூன்றாம் நாள் வாணியம்பாடியிலிருந்து வீட்டைப் பார்க்க வந்தார்களே, அந்த அம்மா அந்த வரியைத் தடவிக்கொண்டே, “இது இன்னா டிசைன், எங்க இருந்து எடுத்தீங்க?” என்று கேட்டார். நான் அறைக்குள் இருந்தேன். “எங்க அண்ணனோட கைக்கு அளவெடுத்துச் செஞ்சது. உங்க வூட்டுக்கு வேணும்னா உங்க வூட்டு ஆளை அளந்துதான் செய்வேன்” என்று நீ சொன்னது கேட்டது. அதோடு கோபம் போய்விட்டது.

கலை, நான் பெரிய அதிகாரிகள் வீட்டையெல்லாம் காவல் காத்திருக்கிறேன். விலை உயர்ந்த சாமானெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு வீடு எனக்கு என்ன குறை என்று தெரிந்துகொண்டு, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதை இங்கேதான் பார்க்கிறேன். வந்து பார்க்கிறவர்கள் யாருக்கும் இது கால் இல்லாதவன் வீடு என்று தோன்றவில்லை. நல்ல வீடு என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பள்ளத்து ஹாலை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. போட்டோவை நீ இன்னும் வைத்திருந்தால் எனக்கு ஒன்று கொடு. நீ செய்தது, என் பெட்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று. இந்த ஒரு மாதமாக நீ வரும்போதெல்லாம் வேலூர் வெயிலில் பேன்ட்டும் சாக்ஸுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று நீ கேட்டதில்லை. என் முகத்துக்குக் கீழே நீ பார்த்ததும் இல்லை. உனக்கும் கழுத்து வலித்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு மதியச் சாப்பாட்டுக்கு வா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில்தான் உட்கார்ந்திருப்பேன். வந்து, எதிரில் உட்கார்ந்து, நன்றாகப் பார். அழ வேண்டும் என்றால் அழு. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்.

உன் அண்ணன்,
குமரன்